நீலத்திரையின் பொடி எழுத்தில் இருந்த விடை

விண்டோஸ் 10 இயங்கும் என் மேசைக் கணினி, 4 நாட்களாக எந்த முன்னறிவிப்பும் இன்றி நீலத்திரையைக் (விண்டோஸ் செயலிழக்கும்போது வரும் பிழைத்திரை) காட்டிவிட்டுத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. முதல் சந்தேகம் ரேம் மீது விழுந்தது. இரண்டு ரேம்களையும் கழற்றி, தங்கநிற முனைகளை ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன்; பயனில்லை. மெமரி டயக்னாஸ்டிக் சோதனையும் பிழை எதையும் காட்டவில்லை.

நீலத்திரை சில நொடிகளில் மறைந்துவிடுவதால் அதைப் படிக்கவே முடியவில்லை. சிஸ்டம் பிராப்பர்டீஸின் அட்வான்ஸ்டு பகுதியில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்பதற்குள் சென்று, தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை நீக்கிய பிறகுதான் திரை அப்படியே நின்றது. கியூஆர் குறியீட்டின் அருகே பொடி எழுத்தில் 'வாட் ஃபெயில்ட்' (எது செயலிழந்தது) என்றொரு வரி இருந்தது. எல்லா நீலத்திரையிலும் அது வருவதில்லை. வந்தால் அதுவே முதல் துப்பு. அதில் இருந்தது வைஃபை அடாப்டரின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கோப்பின் பெயர்.

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் அதே டிரைவர் திரும்பி வந்துவிட்டது. அன்இன்ஸ்டால் பெட்டியில், டிரைவர் மென்பொருளையும் அழிக்கச் சொல்லும் சிறு கட்டத்தில் டிக் செய்யாவிட்டால், டிரைவர்களைச் சேமித்துவைக்கும் டிரைவர் ஸ்டோரில் உள்ள பிரதியையே விண்டோஸ் மறுபடி எடுத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. டிக் செய்து நீக்கி, அடாப்டருடன் வந்த குறுந்தகட்டிலிருந்த பழைய டிரைவரை இணையத்தைத் துண்டித்த நிலையில் நிறுவினேன். விண்டோஸ் தானாகவே வேறு டிரைவரை இறக்கிவிடாதிருக்க, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸிலும் 'நோ' என்று மாற்றிவைத்தேன். 10 நாட்களாக நீலத்திரை வரவில்லை, பெரிய நிம்மதி.