இம்ப்ரோ மேடையில் சீனை வெட்டுவது எப்படி?

எழுதி வைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே உருவாக்கி நடிப்பதுதான் இம்ப்ரோ. அதில் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்த பிறகும் சீன் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் நிற்பவர்கள் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட இருவரும் வேறு வழி தெரியாமல் திடீரென்று துப்பாக்கி எடுப்பார்கள். கல்லூரிக் குழுக்களின் முதல் இம்ப்ரோ நிகழ்ச்சி பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். ஒத்திகையில் பாதி நேரத்தை வெட்டுக்கே, அதாவது ஓடும் சீனை முடித்து அடுத்ததற்கு மாறுவதற்கே ஒதுக்குங்கள்.

குழுவுக்கு 6 முதல் 8 பேர், நிகழ்ச்சிக்கு 25 நிமிடம் போதும். சீனில் இல்லாதவர்கள் இரு ஓரமும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் எழுந்து வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிடும்.

சீனைத் தொடங்க ஒரு பொறி கேட்டு, பார்வையாளரிடம் "ஏதாவது ஒரு இடம் சொல்லுங்க" என்றால் கழிப்பறை என்றுதான் கத்துவார்கள். "உங்க வீட்ல எப்பவும் பூட்டியே இருக்கிறது எது?" என்று குறுக்கிக் கேளுங்கள். முதல் மூன்று வசனத்துக்குள் யார், எங்கே, என்ன உறவு என்பது தெரிந்துவிட வேண்டும்.

"அக்கா, பீரோ சாவி வளைஞ்சிருக்கு."
"தெரியும். நேத்து அதாலதான் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்."

இரண்டே வரியில் உறவு, பொருள், குற்றம் எல்லாம் வந்துவிட்டன. அக்கா "எந்தச் சாவி?" என்று கேட்டிருந்தால் சீனை நகர்த்தும் மொத்தச் சுமையும் தம்பி தலையில் திரும்ப விழுந்திருக்கும்.

இனி வெட்டு. எளியது ஸ்வீப்: ஓரத்தில் இருப்பவர் நடிப்பவர்களுக்கு முன்னால், மேடையின் குறுக்கே ஓடுவார். உள்ளே இருப்பவர்கள் பாதி வசனத்தில் இருந்தாலும் விலகிவிட வேண்டும். டேக் என்பது வேறு: ஒருவரின் தோளைத் தட்டி வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சியவரை அதே பாத்திரமாக வேறு சூழலில் வைப்பது. அந்த அக்கா அலுவலகத்திலும் இப்படித்தானா என்று பார்க்கத் தோன்றினால் டேக், தோன்றாவிட்டால் ஸ்வீப்.

சிரிப்பு ஏறும்போதே கால் கிளம்பிவிட வேண்டும். அடங்கட்டும் என்று நின்றால், அடுத்த வசனம் அதைவிடச் சுமாராகத்தான் இருக்கும். இரண்டடி வைத்துவிட்டுப் பின்வாங்குவது எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே இருப்பவர்களின் கவனம் சிதறிவிடும். உள்ளே கால் வைத்தால் ஓடி முடியுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓடிவிட்டால் பிரச்சினையே இல்லை, அடுத்த சீனுக்கு ஆள் தயார்.

பயிற்சி இப்படி: 10 நிமிடம், எந்தச் சீனும் 30 விநாடியைத் தாண்டக் கூடாது, ஒவ்வொருவரும் இரண்டு முறையாவது வெட்ட வேண்டும். அடுத்த வாரம் ஒரு நிமிடம். அதன்பிறகு கடிகாரம் இல்லாமல். "நண்பனின் சீனை எப்படி வெட்டுவது" என்ற கூச்சம் இரண்டாவது வாரத்தில் போய்விடும்.

மூன்று சீன்கள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று, நடுநடுவே குழு விளையாட்டு என்று போகும் ஹெரால்ட் வடிவத்தின் மேல் எல்லாக் குழுவுக்கும் ஆசை வரும். வெட்டு கைவராமல் அதில் இறங்கினால் 25 நிமிடம் 45 ஆகிவிடும்.

கடைசி வெட்டு விளக்குக்காரர் கையில். ஒத்திகை முழுக்க உட்கார்ந்து பார்த்த ஒருவரை அங்கே நிறுத்துங்கள். 22வது நிமிடத்துக்கு மேல் வரும் முதல் பெரிய சிரிப்பில் அவர் விளக்கை அணைத்துவிடலாம்.