கூட்டத்தில கொட்டை போட்ட கதை

மட்டக்களப்புப் படுவான்கரையில எங்கட கமக்கார அமைப்புக்கு நான் செயலாளர். பெரும்போக (மாரிகால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்துக்கு முதல் விதைப்புத் திகதியை எங்களுக்குள்ள முடிவெடுக்கவேணும். ஆக்கள் வருவாங்க, வாய் திறக்கமாட்டாங்க. 'ஏகமனதாக' எண்டு எழுதுவன். அடுத்தநாள் தேத்தண்ணிக் கடையில அதே முடிவுக்கு ஏச்சு.

கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாத்தினம். கோயில் ஒலிபெருக்கியில அறிவிச்சம். வடை குடுத்தம், வடைதான் முடிஞ்சது.

ஒருக்கா வாக்கெடுப்பு நேரம் மேசையை விட்டு எழும்பிப் பக்கத்தில நிண்டு பாத்தன். கை தூக்க முதல் குத்தகைக்காரர் எல்லாரும் முன்வரிசைப் போடியார்ட முழங்கையைப் பாக்கிறாங்க. அது அசைஞ்சாத்தான் மற்றக் கை எழும்புது. காணி குடுத்தவருக்கு முன்னால ஆர் மாறித் தூக்குவான்?

அதுக்குப் பிறகு வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையோட வாய்க்கால் வாய்க்காலாப் போய், வரம்பில நிண்டு கதைச்சு, திகதியை மூண்டாச் சுருக்கினம். கூட்டத்தில படங்கு மறைப்புக்குப் பின்னால மூண்டு முட்டிப் பானை, திகதிக்கு ஒண்டு. ஆளுக்கொரு புளியங்கொட்டை. (நெல்லு சரிவராது, ரெண்டு மூண்டு மணி சேத்துப் போட்டாலும் தெரியாது. கொட்டை விழுந்தாச் சத்தம் கேக்கும், எந்த முட்டியெண்டு தெரியாது.)

தாழ்ந்த வயல்காரர் கேட்ட முந்தின திகதிக்குத்தான் கூடக் கொட்டை. மார்கழி வெள்ளத்துக்கு முதல் பயிர் உயரவேணுமே. எண்ணி முடியப் பின்வரிசையில ஒரு அக்கா எழும்பி, "மாடுகளை வயலில இருந்து எப்ப அப்புறப்படுத்துற எண்டதுக்கும் கொட்டை போடுவம்" எண்டா.