செம்பருத்திக் கன்று புதராக வேண்டுமா? நுனியைக் கிள்ளுங்கள்

செம்பருத்திக் கன்று ஒரு அடி உயரம் வந்து புதுத்துளிர் விட்டதும், நுனிக்குருத்தை இரண்டு இலையோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். தண்டு முற்றியிருந்தால் கத்தரிக்கோல்தான். நகத்தால் கிள்ளினால் பட்டை உரியும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டவும். அதற்கு மேல் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்ந்து, அந்தக் காய்வு கீழேயும் இறங்கும்.

நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்க்கணுக்களை உறங்க வைத்திருக்கும். நுனி போனதும் இரண்டு மூன்று கணுக்கள் ஒன்றாகத் துளிர்க்கும். செம்பருத்தி புதுக்கிளையின் இலைக்கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடுக்கில்) பூப்பது என்பதால், கிளை கூடினால் பூவும் கூடும். முதல் பூ சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பக்கக்கிளைகள் அரை அடி நீண்டதும் இன்னொரு முறை கிள்ளலாம். பல நர்சரிகளில் இதையெல்லாம் செய்து தரமாட்டார்கள். உயரமான கன்றுக்குத்தானே விலை!

நட்டு மூன்று வாரம் ஆகாத கன்று, வாடிய கன்று, அடைமழை நாள், இவற்றில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை நுனி கிள்ளிப் பயனில்லை, அடியோடு எடுக்க வேண்டும். அரிகா பனையில் கைவைக்கவே கூடாது: குருத்து போனால் அந்தத் தண்டே போச்சு.