கீழ்த்தாடை நரம்பை நூல் கோத்துப் படிப்பது எப்படி?

எடுக்கப்போவது கீழ்க் கடைவாய்ப்பல். ஆனால் ஊசி போட்டதும் பல் டாக்டர், "உதடு மரத்துப்போச்சா?" என்றுதான் கேட்பார். ஏன் உதடு? எலும்பில் நூலை ஓட்டிப் பார்த்தால் விளங்கிவிடும்.

தேவை: உலர்ந்த கீழ்த்தாடை எலும்பு, மஞ்சள், சிவப்பு, நீல நூல் தலா 20 செ.மீ., மெல்லிய செம்புக் கம்பி, கொஞ்சம் களிமண். எலும்புக்குப் பதில் பிளாஸ்டிக் மாதிரி வாங்கினால் கவனம்: மலிவான சிலவற்றில் நரம்பு நுழையும் துளை வெறும் பள்ளம்தான், உள்ளே கால்வாயே இருக்காது. கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1. தாடையின் பின்பக்கம் செங்குத்தாக நிற்கும் பகுதி ரேமஸ். அதன் உட்புறம் ஏறக்குறைய நடுவில் ஒரு துளை இருக்கும். அதுதான் மாண்டிபுலர் ஃபோரமென். அதன் முன்விளிம்பில் சின்ன நாக்கு போல நீட்டிக்கொண்டிருப்பது லிங்குலா. துளையைக் கண்ணால் தேடுவதைவிட, லிங்குலாவை விரலால் தடவிப் பிடிப்பது சுலபம்.

2. துளை வாயில் மஞ்சள் நூலை (இன்ஃபீரியர் ஆல்வியோலார் நரம்பு, கீழ்ப்பற்களுக்கு உணர்ச்சி தருவது) முன்னாலும், சிவப்பு, நீலத்தை அதன் பின்னாலும் வையுங்கள். சிவப்பு, தாடைகளுக்கு ரத்தம் தரும் மேக்ஸிலரி தமனியின் கிளை. நீலம் ஒரு சிரை, டெரிகாய்ட் சிரைப்பின்னல் என்ற சிரை வலைக்குப் போகிறது. நரம்பை ஒட்டியே ரத்தக்குழாய் ஓடுவதால்தான் இத்துளை அருகே ஊசி குத்தி மருந்தைச் செலுத்துமுன் சிரிஞ்சைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

3. நூல்களைக் கம்பியில் கட்டி உள்ளே தள்ளுங்கள். கடைவாய்ப்பல் வேர்களுக்கு அடியில் நழுவிப் போய், முன்கடைவாய்ப்பல் அருகே முட்டி நிற்கும். பலர் இங்கே அழுத்தி உள்சுவரை உடைத்துவிடுகிறார்கள். வெளித்துளையான மென்டல் ஃபோரமென் பின்னோக்கி, மேல்நோக்கித் திறக்கிறது. கால்வாய் அங்கே வளைந்து திரும்பித்தான் வெளியே வரும். அதனால் இன்னொரு கம்பியின் நுனியைக் கொக்கியாக மடக்கி, அந்தத் துளை வழியாக விட்டு நூலை இழுங்கள். பெரும்பாலும் இத்துளை இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்குக் கீழே இருக்கும்.

இங்கே நரம்பு இரண்டாகிறது. மென்டல் கிளை வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகிறது. இன்ஸிசிவ் கிளை உள்ளேயே ஓடி முன்பற்களுக்குப் போகிறது. பல்லுக்கும் உதட்டுக்கும் போவது ஒரே நரம்பு; உதட்டுக் கேள்விக்கு விடை இதுதான். ஆனாலும் உதடு மரத்தாலே பல் முழுசாக மரத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

4. கால்வாய்க்குள் நுழையாத இரண்டு நரம்புகளைக் களிமண்ணால் ஒட்டுங்கள். லிங்குவல் நரம்பு ஞானப்பல்லின் நாக்குப்பக்கச் சுவரை உரசினாற்போல் ஓடுகிறது. அங்கே கத்தி வழுக்கினால் பாதி நாக்கில் உணர்ச்சி போகும். பக்கல் நரம்பு ரேமஸின் முன்விளிம்பைக் கடந்து கடைவாய்ப்பற்களின் கன்னப்பக்க ஈறுக்கு வருகிறது. உதடு மரத்த பிறகும் அந்த ஈறைத் தொட்டால் நோயாளி துள்ளுவது இதனால்தான். அதற்குத் தனி ஊசி வேண்டும்.

5. கடைசி ரத்தக்குழாயை உங்கள் முகத்திலேயே தேடலாம். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மேசெட்டர் தசை. அதன் முன்விளிம்பு தாடையின் கீழ்விளிம்பைத் தொடும் இடத்தில் இரண்டு விரலை லேசாக வையுங்கள். துடிப்பது ஃபேஷியல் தமனி. அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும்.