நாய்க்கு மூக்கில் சீழ் ஒழுகினால் எங்கே தேடுவது

நாயின் மூக்கில் மாதக்கணக்கில் மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி ஒழுகும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இந்த நிலையில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது வீண். நாய்களில் பாக்டீரியா மட்டுமே காரணமாக மூக்கில் நாள்பட்ட தொற்று வருவது அபூர்வம். பாஸ்டுரெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை எல்லாம் வேறெதனாலோ புண்ணான சவ்வில் வந்து குடியேறுபவை. அந்த 'வேறெது' என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் ஒழுகுவது ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்று பாருங்கள். பிரிட்ஜில் வைத்தெடுத்த சிறு கண்ணாடியை மூக்கின் முன் பிடித்தால் இரண்டு இடத்தில் ஆவி படியும். ஒரு பக்கம் படியாவிட்டால் அந்தப் பக்கம் அடைப்பு.

ஒரு பக்கம் மட்டும் என்றால் முதல் சந்தேகம் மூக்குக்குள் ஏறிய ஊசிப்புல் முள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் தரிசில் ஓடிய நாய் திடீரென விடாமல் தும்மி, சில நாளில் நாற்றத்தோடு சீழ் வந்தால் பெரும்பாலும் அதுதான். கண்மாயில் தண்ணீர் குடிக்கும் நாய்க்கு அட்டை ஏறியிருக்கலாம். வயதான நாய்க்கு உதட்டைத் தூக்கி மேல் கோரைப்பல்லின் ஈறைப் பாருங்கள்; வேர் சீழ்பிடித்தால் மூக்குக்குள் துளையே விழும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள மூக்கு நாய்களில் பூஞ்சையையும் கட்டியையும் மறக்கக் கூடாது. மூக்கு நுனி வெளுத்துப் புண்ணானால் பூஞ்சையாக இருக்கலாம். சளியில்லாமல் ரத்தம் மட்டும் வந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையும்.

மூக்கு வாசலில் பஞ்சு வைத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பதில் காசுதான் போகும். நோயில்லாத நாயிலும் அங்கே கிருமி வளரும். மயக்கம் கொடுத்து உள்ளே ஆழத்திலிருந்து எடுத்த திசுதான் பேசும். சி.டி. ஸ்கேனோ எக்ஸ்ரேயோ அதற்கு முன்பே எடுக்க வேண்டும், திசு எடுத்த பின் ரத்தம் படத்தை மறைத்துவிடும். ரத்தம் உறையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

வீட்டில் 0.9% உப்பு நீரை ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடலாம். மனிதருக்கான சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்துகளை விடவே வேண்டாம். நாய்க்கு இதயத் துடிப்பு தடுமாறி மயங்கிவிடலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சித்திரை வெயிலில் ஆவி பிடிக்கக் கூடாது. மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் சோற்றில் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.