வாடகை ஜெராக்ஸ் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால்…

எங்கள் ஆபீஸுக்கு வாடகைக்கு ஒரு மெஷின் வந்தது. ஸ்கேன் பட்டனைத் தொட்டால் திரையில் யார் யாருடைய பெயரோ, ஈமெயில் முகவரியோ. சேமித்து வைத்திருந்த கோப்பு ஒன்றைத் திறந்தேன். முன்பு வைத்திருந்தவர்களின் சம்பளப் பட்டியல், பிடித்தம் உட்பட! சிரிப்பு வரவில்லை. எங்கள் பழைய மெஷினை இரண்டு நாள் முன்புதான் அப்படியே லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

ஆபீஸில் வைக்கும் பெரிய மெஷின்கள் பலவற்றில் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே ஹார்டு டிஸ்க் உண்டு. காப்பி, பிரின்ட், ஸ்கேன் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அமெரிக்காவில் 2010-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி பழைய காப்பியர்கள் சிலவற்றை வாங்கித் துருவியபோது, ஒன்றில் நோயாளிகளின் மருத்துவ விவரங்கள் கிடைத்தன. அதை வாடகைக்கு வைத்திருந்த அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், 2013-இல் அமெரிக்க அரசுக்கு 12,15,780 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. நம்மூர் மெஷினில் ஆதாரும் பான் கார்டும் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. அட்மின் பாஸ்வேர்டு கேளுங்கள். திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போதே, வாடகைக்கு விட்டவரிடம் ஈமெயிலில் கேளுங்கள். டிஸ்கை அழிக்கப் போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். டிஸ்கை நீங்களே கழற்ற வேண்டாம். மெஷின் அவர்களுடையது, இயங்கத் தேவையான மென்பொருளும் அதில் இருக்கலாம்.

2. மீட்டர் ரீடிங் (இதுவரை எத்தனை பக்கம் ஓடியது என்ற கணக்கு) பக்கத்தை பிரின்ட் எடுங்கள். கடைசி பில்லில் தகராறு வந்தால் இதுதான் கைகொடுக்கும். முகவரிப் பட்டியல் புது மெஷினுக்கு வேண்டுமென்றால் அதையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. இப்போது அழியுங்கள். மெனுவின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேனான் இமேஜ்ரன்னர் அட்வான்ஸில் மேனேஜ்மென்ட் செட்டிங்ஸ், அதற்குள் டேட்டா மேனேஜ்மென்ட், அதற்குள் 'இனிஷியலைஸ் ஆல் டேட்டா/செட்டிங்ஸ்'. ரிக்கோவில் 'எரேஸ் ஆல் மெமரி'. கோனிகா மினோல்டாவில் 'ஓவர்ரைட் ஆல் டேட்டா'. மாடலுக்கு மாடல் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், மேனுவலைப் பாருங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாக டெலிட் செய்வது பத்தாது. டெலிட் செய்தால் பட்டியலில் இருந்து பெயர்தான் போகும். எழுதியது டிஸ்கில் அப்படியே கிடக்கும். அதன் மேல் வேறெதையாவது எழுத வேண்டும், அதைத்தான் 'ஓவர்ரைட்' என்கிறார்கள். எத்தனை முறை எழுத வேண்டும் என்று மெஷின் கேட்டால் மூன்று என்று கொடுங்கள்.

இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். அதனால் எல்லோரும் கிளம்பிய பிறகு சாயங்காலம் ஆரம்பிப்பதுதான் வசதி. நடுவில் கரண்ட் போகக் கூடாது; அன்று மின்தடை அறிவிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெரிய மெஷின்களைச் சாதாரண கம்ப்யூட்டர் யுபிஎஸ் தாங்காது.

4. அழிந்ததா என்று பாருங்கள். முடிந்ததும் அறிக்கை பிரின்ட் ஆனால் ஃபைலில் போடுங்கள், இல்லாவிட்டால் திரையை போட்டோ எடுங்கள். பிறகு முகவரிப் பட்டியலையும் சேமிப்புப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். காலியாக இருக்க வேண்டும்.

5. பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கேன் செய்தால் ஈமெயிலில் வர வேண்டும் என்று ஆபீஸ் ஈமெயில் பாஸ்வேர்டையே மெஷினில் போட்டு வைத்திருப்போம். ஷேர்டு ஃபோல்டருக்கான விண்டோஸ் பாஸ்வேர்டும் அப்படித்தான். இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

அழிக்கும் வசதியே மெனுவில் இல்லையென்றால், டெக்னீஷியனை வரவழைத்து உங்கள் கண் முன்னால் டிஸ்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். புது டிஸ்குக்குக் காசு கேட்பார்கள். கொடுத்துவிடலாம், தப்பில்லை.

அப்புறம், கண்ணாடி மூடியைத் தூக்கிப் பாருங்கள். யாராவது ஒருவருடைய ஒரிஜினல் ரேஷன் கார்டு அங்கே குப்புறக் கிடக்கும். ட்ரேக்களையும் இழுத்துப் பார்த்துவிட்டு, சலானில் சீரியல் நம்பரோடு 'டேட்டா அழிக்கப்பட்டது' என்று எழுதி, எடுத்துப் போக வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.