பட்ஜியில் ஆண் பெண் பார்ப்பது எப்படி? மூக்கைப் பார்க்கும் முன் நிறத்தைப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய ‘ஜோடி’ எட்டு மாதமாகியும் முட்டை வைக்கவில்லை. ஒன்று பச்சை, மூக்கு நல்ல நீலம். இன்னொன்று முழு மஞ்சள், சிவப்புக் கண், ரோஸ் மூக்கு. “மூக்கு நீலமா இல்லைன்னா பெண்தான் சார்” என்றார் விற்றவர். இரண்டும் ஒன்றுக்கொன்று இரை ஊட்டுவதைப் பார்த்து, பானையில் மரத்தூள் எல்லாம் போட்டு வைத்துக் காத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டுமே ஆண்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிக் கிளி இது. 1840-ல் ஜான் கோல்டு உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நிஜ லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

படி 1: வயது

குஞ்சுக்கு நெற்றியில் கறுப்புக் கோடுகள் மூக்கு வரைக்கும் ஓடும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெறுமையாகிவிடும். அப்புறம் மெல்ல மெல்லக் கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் கோடுகளே இருக்காது. அவற்றில் கண் வளையத்தை மட்டும் பாருங்கள்.

படி 2: நிறம்

காட்டு பட்ஜி பச்சை. ஆனால் இறகில் பச்சைச் சாயம் என்று எதுவும் கிடையாது. ஒன்று மஞ்சள் சாயம், இன்னொன்று மெலனின் என்ற கருமை. கருமைக்கு மேலே இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி நீலமாகத் தெரிகிறது; அதன்மேல் மஞ்சள் சேர்ந்தால் பச்சை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கழித்தல் கணக்குதான். மஞ்சள் போனால் நீலப் பறவை. கருமை போனால் சிவப்புக் கண்ணுள்ள மஞ்சள், அதுதான் லூட்டினோ. இரண்டும் போனால் வெள்ளை, அல்பினோ. உடம்பில் திட்டுத் திட்டாக நிறம் விட்டுப்போயிருந்தால் பைட். பைடில் ரிசஸிவ் பைட் என்று ஒரு வகை உண்டு. வளர்ந்த பிறகும் அதன் கண்ணில் வளையம் வராது, கிழட்டுப் பறவைகூடக் குஞ்சு மாதிரி முழிக்கும்.

படி 3: மூக்கு

அலகுக்கு மேலே துளைகள் இருக்கும் மெழுகு போன்ற சதையைத்தான் மூக்கு என்கிறோம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்; கடையின் டியூப்லைட்டில் வெளிர்நீலமும் ரோஸும் ஒன்றுபோலத் தெரியும்.

பச்சை, நீலம் போன்ற சாதாரண நிறங்களில் வளர்ந்த ஆணுக்கு மூக்கு அடர் நீலம். பெண்ணுக்கு வெள்ளை கலந்த வெளிர்நீலம் அல்லது பழுப்பு. முட்டையிடும் பருவத்தில் பழுப்பு தடித்துச் சொரசொரப்பாகும். குஞ்சில் ஆணுக்கு ஒரே சீரான ரோஸ் அல்லது ஊதா. பெண் குஞ்சுக்கு மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். வெளிர்நீல மூக்கைப் பார்த்து ஆண் என்று ஏமாறுவது இங்கேதான்.

லூட்டினோ, அல்பினோ, ரிசஸிவ் பைட் ஆகிய மூன்றிலும் ஆணின் மூக்கு ஆயுசுக்கும் ரோஸாகவோ ஊதாவாகவோதான் இருக்கும். நீலத்துக்குக் காத்திருக்காதீர்கள். துளையைச் சுற்றி வெள்ளை இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

பல வருடம் நீல மூக்கோடு இருந்த ஆணுக்குத் திடீரென்று பழுப்பானால், விதைப்பைக் கட்டியாக இருக்கலாம். பறவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 4: கண் திறக்கும் முன்பே

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மனிதரில் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் மாதிரி பறவையில் இசட், டபிள்யூ. ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றுதான். சிவப்புக் கண் தரும் இனோ மரபணு இந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆண் அதை ஒன்றில் ஒளித்துவைத்துக்கொண்டு பச்சையாகவே திரியலாம். பெண்ணால் ஒளிக்க முடியாது; இருந்தால் வெளியே தெரிந்துவிடும்.

அதனால் லூட்டினோ ஆணையும் பச்சைப் பெண்ணையும் ஜோடி சேர்த்தால், மகள்கள் எல்லாம் சிவப்புக் கண், மகன்கள் எல்லாம் கறுப்புக் கண். குஞ்சு கண் திறக்கப் பத்து நாள் ஆகும். அதற்கு முன்பே மூடிய தோலுக்கு அடியில் கண் கறுப்பாகத் தெரிகிறதா, சிவப்பாகத் தெரிகிறதா என்று பானையைச் சாய்த்துப் பார்த்தாலே போதும்.

ஜோடியை மாற்றிப்போட்டால், அதாவது ஆண் பச்சை, பெண் லூட்டினோ என்றால், இந்தக் கணக்கு வேலை செய்யாது.

என் மஞ்சளுக்கு அப்புறம் ஒரு பச்சைப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். முதல் ஈட்டில் ஐந்து முட்டை, நான்கு பொரிந்தன: மூன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.